ஏறின இடத்திலேயே இறக்கி விடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபத்தைந்துக்கு, ஐந்தருவி ரோட்டில், நான் ஓர் ஆட்டோவில் ஏறினேன்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஆட்டோவில் ஏறாத ஆள் யார்? சரிதான். ஆனால் அந்த நேரத்தில் என் சட்டையில் ஒரு நம்பர் குத்தியிருந்தது. 214. காலை ஐந்து மணிக்குத் தென்காசியில் தொடங்கிய இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஓடிக்கொண்டிருந்தவள் எதற்கு ஆட்டோவில் ஏறினாள்? சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். (அன்றைக்கும் பின்னால்தான் போனேன்... அது அப்புறம்.)

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — நான் தென்காசியில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். வயது நாற்பத்து நான்கு. கணவர் போலீஸில் ஏட்டு. மகள் தர்ஷினி ஒன்பதாம் வகுப்பு. அத்தை, அதாவது கணவரின் அம்மா, எங்களோடு இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில்கூட நான் ஓடியதில்லை. பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டுக்கு அட்டை போடும் கூட்டம் நான்.

அப்படிப்பட்டவளை ஓட வைத்தது டாக்டரும் இல்லை, எடை பார்க்கும் மெஷினும் இல்லை. குற்றால சீசன்!

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஜூன் மாதம் சாரல் விழுந்ததும், எங்களுக்கு மொத்தம் எத்தனை சொந்தக்காரர்கள் என்று தெரிந்துவிடும். சிவகிரியிலிருந்து வருவார்கள், மதுரையிலிருந்து வருவார்கள், கல்யாணத்தில் ஒரே ஒரு முறை பார்த்தவர்கள் சென்னையிலிருந்து வருவார்கள். "ஒரு நாள்தான் கோமு, குளிச்சிட்டுப் போயிருவோம்" என்பார்கள். நாலு நாள் இருப்பார்கள். குறை சொல்லவில்லை. வரட்டும். ஆனால் அருவியில் குளித்தால் பசிக்கும் பாருங்கள்... அப்படிப் பசிக்கும்! இட்லிக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்க நேரம் இருக்காது. கொடியெல்லாம் ஈரத் துண்டு, ஹால் முழுக்கப் பாய், பாத்ரூம் வாசலில் க்யூ.

மூன்று வருஷத்துக்கு முந்தைய சீசன் அது. வீட்டில் பதினோரு பேர். காலை ஐந்தரை மணிக்கு அடுப்படியில் நிற்கிறேன். ஒருவருக்குச் சீனி கம்மியாகக் காபி, ஒருவருக்குச் சுக்குக் காபி, ஒருவருக்கு வெறும் வெந்நீர். திடீரென்று எனக்கு என்னவோ செய்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது, கோபம் என்றும் சொல்ல முடியாது. இன்னும் ஒரு நிமிஷம் அங்கே நின்றால் கத்திவிடுவேன் என்று மட்டும் தெரிந்தது.

"பால் தீந்துட்டு அத்தை. வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தெருமுனையில் பால் பூத். அதைத் தாண்டி நடந்தேன். குற்றாலம் ரோடு வந்தது. முகத்தில் சாரல். யாரும் "அம்மா" என்று கூப்பிடவில்லை, "கோமு" என்று கூப்பிடவில்லை, "எக்கா, கை காட்டட்டுமா?" என்று கேட்கவில்லை. கால் தானாக வேகம் பிடித்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு... ஓடினேன்!

எவ்வளவு தூரம்? அரை கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மூச்சு வாங்க ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து, தனியாகச் சிரித்தேன். நாற்பத்தொரு வயதில், ஒரு காரணமும் இல்லாமல், அப்படியொரு சந்தோஷம்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பால்!

உள்ளே ஏற்கெனவே பால் பொங்கிக்கொண்டிருந்தது. பிரிட்ஜில் இரண்டு பாக்கெட் இருந்தது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அத்தை என் வெறுங்கையைப் பார்த்தார்கள். நனைந்த முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஹால் பக்கம் திரும்பி, "பால் வந்துட்டு, எல்லாரும் டம்ளர எடுத்துட்டு வாங்க" என்று சத்தம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர்களே கேட்டார்கள்: "என்னட்டி, இன்னைக்குப் பால் வாங்கப் போலியா?"

அப்படித்தான் தொடங்கியது. சீசன் முடிந்தது, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனார்கள், நான் மட்டும் தினமும் பால் வாங்கப் போனேன். அரை கிலோமீட்டர் ஒன்றானது, ஒன்று மூன்றானது. ஷூ வாங்கினேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடப் பழகினேன். என் கணவர் முதலில் இதை நம்பவே இல்லை. "நாங்க ஓடுனா முன்னால திருடன் ஓடுவான். நீ யாரப் புடிக்க ஓடுத?" என்றார்.

அவரைச் சொல்லி என்ன? ஊரே அப்படித்தான் கேட்டது.

எங்கள் ஊரில் ஒரு பெண் ரோட்டில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் யாருக்கோ முடியவில்லை. முதல் மாதம் பைக்கை நிறுத்தி, "யாருக்குக்கா முடியல? ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டியளா?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்ததும் நடுங்கியே போனார். முந்தின நாள்தான் அவருக்கு ரத்தம் எடுத்திருந்தேன். "எக்கா... என் ரிசல்ட்டுல எதும் சீரியஸா?" அவர் ரிசல்ட்டைச் சொல்லத்தான் விடியற்காலையில் ஓடி வருகிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம்!

அதைவிடப் பெரிய தொல்லை, லிஃப்ட். தெரிந்தவர் நடந்து போகும்போது வண்டியை நிறுத்தாமல் போவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. நிறுத்திய வண்டியில் ஏறாமல் இருப்பது அதைவிட மரியாதைக் குறைவு. "ஏன், எங்க வண்டியில எல்லாம் ஏற மாட்டியளோ?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பேச்சு அடுத்த கல்யாண வீட்டுப் பந்திவரைக்கும் வரும்.

இதில் முதல் ஆள் மைதீன் அண்ணன். துபாயில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு வந்து ஆட்டோ வாங்கியவர். தர்ஷினியை யூ.கே.ஜி.யிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவர். காலையில் ஸ்டாண்டுக்குப் போகும்போது தினமும் என்னைப் பார்ப்பார். தினமும் நிறுத்துவார்.

"ஏறுங்க தங்கச்சி."

"இல்லண்ணே, ஓடுதேன்."

"ஓடி எங்க போறிய?"

"இலஞ்சி வரைக்கும்."

"அங்கன என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. போயிட்டுத் திரும்பி வந்துருவேன்."

"திரும்பி வாரதுக்கு எதுக்குத் தங்கச்சி போணும்?"

கையை ஆட்டிவிட்டு ஓடினேன்.  மூன்று வருஷமாக அவர் நிறுத்துவதை விடவில்லை, நான் ஓடுவதை விடவில்லை.

இந்த வருஷம்தான் அந்தப் பந்தய அறிவிப்பைப் பார்த்தேன். ஓட்டத்தில் ஆர்வம் உள்ள நாலு பேர் சேர்ந்து நடத்துவது. தென்காசியில் தொடங்கி, இலஞ்சி, செங்கோட்டை என்று சுற்றி, குற்றாலம் வழியாக ஐந்தருவியில் முடியும். மூன்று மணி நேரத்துக்குள் வந்தால் மெடல். பெயர் கொடுத்துவிட்டேன்.

தினம் ஓடுவது போதாதா, பந்தயம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் தொடங்கிய காரியங்களின் கதையைக் கேளுங்கள். கரஸ்பாண்டன்ஸில் எம்.எஸ்ஸி. முதல் வருஷம் எழுதினேன், தர்ஷினி வயிற்றில் வந்தாள். ஸ்கூட்டி ஓட்டப் பழகினேன். லைசென்ஸுக்கு எட்டுப் போட வேண்டிய வாரத்தில் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனது. கை வைக்காத ஒரு ஜாக்கெட் பத்து வருஷமாகப் பீரோவில் இருக்கிறது, இரண்டு கைகளும் தனியாக ஒரு கவரில்!

யாரும் என்னைத் தடுத்ததில்லை. அதுதான் விஷயம். ஒவ்வொரு தடவையும் யாராவது பிரியமாக, "அத அப்புறம் பாத்துக்கிடலாம் கோமு" என்பார்கள். நானும் சரி என்பேன். அப்புறம் வந்ததே இல்லை. அதனால்தான் இந்த ஒன்றையாவது முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை என் காலாலேயே முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. ஜெயிக்க வேண்டாம். முடித்தால் போதும்.

செங்கோட்டைவரை நன்றாகத்தான் போனேன். எனக்கு முன்னும் பின்னுமாக ஒரு சார் வந்தார். ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டராம். "மூச்ச வாயால விடும்மா... ம், அப்படித்தான்" என்று ஓடுகிற இடத்திலும் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். குற்றாலம் வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிக்குப் போகிறவர்கள் வழிவிட்டுக் கைதட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது.

பதினேழாவது கிலோமீட்டரில், ஐந்தருவி ரோட்டில், ஒரு நேந்திரம் சிப்ஸ் கடைக்கு நேராக வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பிடித்தது என்றால் சாதாரணப் பிடி இல்லை. நின்றுவிட்டேன். ஹெட்மாஸ்டர் சார் என்னைத் தாண்டி ஓடி வளைவில் மறைந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபத்தைந்து. இன்னும் நாலு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம். ஓடினால் சரியாக வரும், நடந்தால் வராது. காலைக் கீழே ஊன்றவே முடியவில்லை.

பக்கத்தில் ஆட்டோ வந்து நின்றது.

"ஏறுங்க தங்கச்சி."

மூன்று வருஷமாக நான் மறுத்த அதே வார்த்தை. ஏறிவிட்டேன்.

மரியாதைக்காக ஏறினேன் என்று முதலில் எழுதினேன். எழுதி, அடித்துவிட்டேன். உங்களிடம் எதற்குப் பொய்? வலித்தது, சீட் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். "என்னத்துக்குத் தங்கச்சி இந்தப் பாடு? வீட்ல போயி படுங்க. இத அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றார் மைதீன் அண்ணன். என்ன பிரியமான குரல்! காற்று முகத்தில் அடித்தது. சுகமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

ஆட்டோ வளைவில் திரும்பியது. ஹெட்மாஸ்டர் சார் ஓடிக்கொண்டிருந்தார். பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஓடினார். நான் உட்கார்ந்தபடியே அவரைத் தாண்டிப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அப்போதுதான் அண்ணன் கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்... மறுபடியும்!

"நிறுத்துங்கண்ணே."

"என்ன தங்கச்சி, வாந்தி வருதா?"

"இல்ல. வண்டியத் திருப்புங்க. ஏறின எடத்துலயே எறக்கி விடுங்க."

அவர் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "துபாய்லயும் ஓட்டிட்டேன், இங்கனயும் ஓட்டிட்டேன். ஏறுன எடத்துலயே எறக்கச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"திருப்புங்கண்ணே."

"சீசன் டைம் தங்கச்சி, இந்த ரோடு ஒன்வே. திருப்புனா உங்க வீட்டு ஏட்டையாவே வந்து என்னப் புடிப்பாரு!"

இறங்கினேன். ஆட்டோ வந்த தூரம் அரை கிலோமீட்டர் இருக்கும். நொண்டிக்கொண்டே பின்னால் நடந்தேன். கூட்டம் எல்லாம் ஐந்தருவியைப் பார்த்துப் போகிறது, நான் ஒருத்தி எதிரே வருகிறேன். ஹெட்மாஸ்டர் சார் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏம்மா, பினிஷ் அந்தப் பக்கம்!"

"தெரியும் சார். கொஞ்சம் விட்டுட்டு வந்துட்டேன்."

"என்னத்தம்மா விட்ட?"

"அரை கிலோமீட்டர் சார்."

அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டு ஓடினார்.

சிப்ஸ் கடைக்கு வந்து சேர்ந்தபோது ஏழு முப்பத்தாறு. நடந்ததில் காலில் பிடி கொஞ்சம் விட்டிருந்தது. கணக்கு நன்றாகத் தெரிந்தது. இருபத்து நாலு நிமிஷத்தில் நாலு கிலோமீட்டர் என்னால் ஓட முடியாது. நல்ல காலோடு இருக்கும்போதே முடியாது. மெடல் போய்விட்டது. போன பிறகு மனசு லேசானது, ஏன் என்று தெரியவில்லை. கடை வாசலில் நான் நின்ற இடத்தைச் சரியாகப் பார்த்து நின்றேன். ஓடத் தொடங்கினேன்.

இதற்கிடையில் மைதீன் அண்ணன் சும்மா இருப்பாரா? நேரே ஐந்தருவிக்குப் போய், எட்டு மணிவரை எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, அங்கே பந்தோபஸ்து டியூட்டியில் இருந்த என் கணவரிடம், "தங்கச்சிக்கு என்னமோ மாதிரி இருக்கு ஏட்டையா. பாதி வழியில எறங்கித் திரும்பிப் போறாவ" என்று சொல்லிவிட்டார். நான் ஓடி முடிப்பதைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற தர்ஷினி அழுதுவிட்டாளாம். கணவர் வயர்லெஸில் தகவல் சொல்லக் கையை வைத்தபோது, அப்போதுதான் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் சார் தடுத்திருக்கிறார். "அந்தம்மா வருவாங்க. எதையோ விட்டுட்டாங்களாம், எடுத்துட்டு வருவாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி பதினான்கு நிமிஷம். பினிஷ் இடத்தில் பலூன் மாதிரி காற்று அடைத்து நிறுத்தியிருந்த வளைவிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி இறங்கிவிட்டது. சார் ஒரு பக்கமும் மைதீன் அண்ணன் ஒரு பக்கமுமாக அதைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து உள்ளே நுழைந்தேன்! நுழைந்து, அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, அழுகைதான்.

விஷயத்தைக் கேட்டதும் என் கணவர், "எவன் பாத்தான்? ஆட்டோலயே வந்து இந்த முக்குல எறங்கி ஓடியிருக்கலாம்லா?" என்றார். ஒரு போலீஸ்காரர் சொல்கிற பேச்சா இது? ஆனால் சொல்லிக்கொண்டே குனிந்து, யூனிபார்மோடு ரோட்டில் மண்டிபோட்டு, என் ஷூ லேஸை அவிழ்த்தார். தர்ஷினி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "எம்மா, மத்தவங்களுக்கு இருபத்தொண்ணு. திரும்பிப் போனதையும் சேத்தா உனக்கு இருபத்தொண்ணரை!" என்றாள். என் மகளின் கணக்கில் இதுவரை நான் கேட்ட மிக நல்ல விடை அதுதான்.

பெண்கள் பக்கம் போய் அருவியில் நின்றேன். காலில் இருந்த பிடியைத் தண்ணீர் தட்டித் தட்டி எடுத்துவிட்டது. பசித்தது பாருங்கள்... சீசனுக்கு வரும் சொந்தக்காரர்களை இனிமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்!

வீட்டுக்கு வந்தால், சிவகிரிச் சித்தி குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். நொண்டி நொண்டி வரும் என்னைப் பார்த்து, "இவ எங்க போயிட்டு வாரா?" என்று கேட்டார்கள்.

அத்தை அசரவில்லை. "பால் வாங்கத்தான் போனா. இன்னைக்குக் கொஞ்சம் தூரமாப் போயிட்டா."

திங்கட்கிழமை கால் எழும்பவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குக் குற்றாலம் ரோட்டில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் பழகிய ஆட்டோ சத்தம். பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. "இல்லண்ணே" என்று சொல்ல வாயைத் திறந்து தயாராக வைத்திருந்தேன்.

மைதீன் அண்ணன் தலையை வெளியே நீட்டினார். "இன்னைக்கு எது வரைக்கும்?"

"இலஞ்சிண்ணே."

"சரி, போயிட்டு வாங்க தங்கச்சி."

போய்விட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக "ஏறுங்க" என்று சொல்லாமல், தெரிந்த ஆளை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊரில் அப்படிப் போகிறவர்கள் கிடையாது. மெடல் வாங்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதமாகக் கற்பனை செய்திருந்தேன். சரியாக அப்படித்தான் இருந்தது.

மைதீன் அண்ணே, இதைப் படித்தால் ஒன்றே ஒன்று — மழை கொட்டினால் மட்டும் நிறுத்துங்கள்!